சேமித்த கால்நடை விந்தும் நீர்ப்புக் கரைசலின் சேர்மானமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கால்நடை மருத்துவ மாணவர்களும், செயற்கைமுறைக் கருவூட்டல் பணியாளர்களும், சொந்தமாகக் கிடா விந்தைச் சேகரித்துப் பயன்படுத்த விரும்பும் ஆடு வளர்ப்போரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. ஆய்வகங்களில் டைலூட்டர் என்றும் எக்ஸ்டெண்டர் என்றும் வழங்கப்படுவதே இங்கு நீர்ப்புக் கரைசல் எனப்படுகிறது.

விந்தைக் குளிர வைத்தால் போதாதா? கரைசல் எதற்கு?

முதலில் ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒரு பொலிகாளை ஒரு முறை தரும் விந்து 6 மில்லி என்றும், ஒரு மில்லியில் 120 கோடி விந்தணுக்கள் இருக்கின்றன என்றும் வைத்துக்கொள்வோம். இந்தியாவில் மாட்டின உறைவிந்து உற்பத்திக்கு வகுக்கப்பட்டுள்ள குறைந்தபட்சத் தர நெறிமுறையின்படி ஒரு குச்சியில், அதாவது விந்தை அடைத்து உறைய வைக்கும் மெல்லிய குழலில், 2 கோடி விந்தணுக்கள் இருக்க வேண்டும். குச்சியின் கொள்ளளவு கால் மில்லி என்பதால் ஒரு மில்லிக்கு 8 கோடி என்ற அடர்த்தி வேண்டும். ஆகவே அந்த 6 மில்லி விந்து 15 மடங்காக நீர்க்கப்பட்டு 90 மில்லியாகி, 360 குச்சிகளை நிரப்புகிறது. குச்சியில் இருப்பதில் 15இல் 14 பங்கு கரைசல்தான். சேமிப்புக் காலம் முழுவதும் விந்தணு வாழும் சூழல் அதுவே என்பதால், அதன் சேர்மானத்தில் நேரும் சிறு பிழைகூட 360 குச்சிகளிலும் சேர்ந்தே வெளிப்படும்.

நீர்க்காத விந்தை அப்படியே வைத்தால் பல சேதங்கள் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. விந்தணுக்கள் தங்களைச் சூழ்ந்துள்ள பிரக்டோஸ் சர்க்கரையை விரைவாகச் சிதைத்து லாக்டிக் அமிலமாக்குகின்றன. அமிலம் ஏற ஏற அசைவு நின்றுபோகிறது. சேகரிக்கும்போது உடன் வந்த பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. வெப்பநிலையைச் சட்டெனக் குறைத்தால் விந்தணுவின் சவ்வு சிதைகிறது. கரைசலில் சேர்க்கப்படும் ஒவ்வொரு பொருளும் இவற்றுள் ஏதேனும் ஒரு சேதத்துக்கு மாற்றாகச் சேர்க்கப்பட்டதே. ஒரு பொருள் எந்தச் சேதத்தைத் தடுக்க வந்தது, அது வேறு எந்தச் சேதத்தை உண்டாக்கக்கூடும் என்ற இரண்டையும் அறிந்தவருக்கே கரைசலைத் தேர்ந்தெடுப்பது எளிதாகும். வாய்பாட்டை மட்டும் மனப்பாடம் செய்தவர், விலங்கினம் மாறும்போது தடுமாறுவார்.

குளிர் அதிர்ச்சி என்பது என்ன? எல்லா இனங்களுக்கும் அது ஒன்றுபோல் நேருமா?

விந்தணுவின் சவ்வு பெரும்பாலும் கொழுப்புப் பொருள்களால் ஆனது. மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் புட்டியிலேயே உறைந்துபோவதைப் போல, வெப்பநிலை இறங்கும்போது சவ்வின் கொழுப்புகளும் நெகிழ்ச்சியை இழந்து இறுகுகின்றன. எல்லாக் கொழுப்புகளும் ஒரே வெப்பநிலையில் இறுகுவதில்லை. ஆதலால் சவ்வில் ஆங்காங்கே இடைவெளிகள் தோன்றுகின்றன. அவற்றின் வழியே கால்சியம் உள்ளே புகுகிறது, பொட்டாசியமும் நொதிகளும் வெளியேறுகின்றன, விந்தணுவின் தலையை மூடி, முட்டைக்குள் நுழைய உதவும் அக்ரோசோம் உறை கெடுகிறது. மாட்டு விந்தில் 15 டிகிரிக்கும் 5 டிகிரி செல்சியசுக்கும் இடைப்பட்ட பகுதியிலேயே இந்த ஆபத்து மிகுதியாக இருக்கிறது.

இனத்துக்கு இனம் வேறுபாடு மிகப் பெரிது. சவ்வில் கொலஸ்டிரால் மிகுந்திருக்கும் முயல், மனித விந்தணுக்கள் குளிரைப் பெருமளவு தாங்குகின்றன. பன்றியின் விந்தணுவில் கொலஸ்டிரால் குறைவு, நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் மிகுதி. அதனால்தான் பன்றி விந்து வழக்கமாக 16 முதல் 18 டிகிரியில் வைக்கப்படுகிறதே தவிர, மாட்டு விந்தைப் போல 5 டிகிரிக்கு இறக்கப்படுவதில்லை. செம்மறி, வெள்ளாடு, மாடு ஆகியவையும் குளிருக்கு அஞ்சுபவையே. எருமை விந்தணு உறைதலின்போது மாட்டு விந்தணுவைவிடக் கூடுதலாகச் சேதமடைகிறது என்பது எருமை விந்தைக் கையாளும் எந்த நிலையத்திலும் தெரிந்த செய்தி.

முட்டை மஞ்சள் கரு எப்படி இதற்குள் வந்தது? அது உண்மையில் என்ன செய்கிறது?

1939, 1940ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பால் பிலிப்ஸ், ஹென்றி லார்டி ஆகிய இருவரும் பாஸ்பேட் தாங்கல் கரைசலோடு (அமில அளவு மாறாமல் காக்கும் கரைசலோடு) மஞ்சள் கருவைச் சேர்த்து, காளை விந்தைக் குளிர்நிலையில் நாள்கணக்கில் உயிரோடு வைத்திருக்க முடியும் என்று காட்டினார்கள். 1941இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சாலிஸ்பரியும் அவருடைய குழுவினரும் பாஸ்பேட்டுக்குப் பதிலாகச் சோடியம் சிட்ரேட்டைப் பயன்படுத்தினார்கள். சிட்ரேட் மஞ்சள் கருவின் கொழுப்புத் துளிகளைக் கலைத்துவிடுவதால் நுண்ணோக்கியில் விந்தணுக்களைத் தெளிவாகப் பார்க்க முடிந்தது. சிறிய வசதியாகத் தோன்றினாலும், சேமித்த விந்தை நாள்தோறும் சோதித்துப் பார்க்கும் வழக்கம் நிலைபெற அது பெரிதும் உதவியது.

மஞ்சள் கரு பயன் தருகிறது என்பது தெரிந்தும், ஏன் தருகிறது என்பது நெடுங்காலம் விளங்காமலே இருந்தது. அதன் காக்கும் ஆற்றல் குறையடர்த்திக் கொழுப்புப் புரதத்தில் இருக்கிறது என்று 1974இல் பேஸ், கிரஹாம் ஆகியோர் காட்டினார்கள். மஞ்சள் கருவின் உலர்பொருளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்தக் கொழுப்புப் புரதமே. பின்னர் மொன்றியாலில் புட்டசுவாமி மஞ்சுநாத்தின் ஆய்வுக்குழு இதற்கு ஒரு தெளிவான விளக்கம் தந்தது. காளையின் விந்துப் பிளாஸ்மாவில் (விந்தணுக்கள் நீங்கலான விந்துத் திரவத்தில்) விந்தணுவோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு புரதக் குடும்பம் இருக்கிறது. பசுவின் கருப்பாதையில் விந்தணுவைக் கருவுறுத்தலுக்குத் தயார்படுத்த உதவும் அந்தப் புரதங்களே, புட்டியில் பல மணி நேரம் விந்தணுவோடு சேர்ந்திருந்தால் சவ்விலிருந்து கொலஸ்டிராலையும் பாஸ்போலிப்பிடையும் தொடர்ந்து உருவிக்கொண்டே இருக்கின்றன. மஞ்சள் கருவின் கொழுப்புப் புரதம் அவற்றைப் பிடித்துத் தன்னோடு கட்டிக்கொள்கிறது, சவ்வு பிழைக்கிறது.

இந்த விளக்கத்திலிருந்து பெறப்படும் முடிவு முக்கியமானது. மஞ்சள் கரு தனியே ஒரு நற்பொருள் அன்று. குறிப்பிட்ட ஒரு விந்துப் பிளாஸ்மாவில் உள்ள குறிப்பிட்ட ஒரு தீங்குக்கு அது மாற்று. விந்துப் பிளாஸ்மா வேறானால் மஞ்சள் கருவின் நடத்தையும் வேறாகும். அடுத்த கேள்வி அதைப் பற்றியது.

காளை விந்துக்கு 20 சதவீதம் மஞ்சள் கரு சேர்க்கிறோம். வெள்ளாட்டுக் கிடா விந்துக்கும் அதே கரைசலைப் பயன்படுத்தலாமா?

ஆராயாமல் பயன்படுத்தக் கூடாது. வெள்ளாட்டுக் கிடா விந்தைச் சேமிப்பதில் நேரும் தோல்விகளுள் ஒரு பெரும் பகுதிக்கு இந்த ஒற்றைக் கவனக்குறைவே காரணமாகிறது.

கிடாவின் சிறுநீர் வழியை ஒட்டியுள்ள கூப்பர் சுரப்பியிலிருந்து விந்தில் கலக்கும் ஒரு நொதி மஞ்சள் கருவைத் திரிய வைக்கிறது என்ற செய்தியை 1957இல் ஏ. ராய் வெளியிட்டார். ஜப்பானிய ஆய்வாளர்களான இரிட்டானி, நிஷிகாவா ஆகியோர் 1960களின் தொடக்கத்தில் இதை மேலும் ஆராய்ந்தார்கள். அந்த நொதி பாஸ்போலிப்பேஸ் வகையைச் சேர்ந்தது. மஞ்சள் கருவின் கொழுப்புப் புரதத்தில் அடங்கிய லெசித்தின் என்ற பாஸ்போலிப்பிடைப் பிளந்து, ஒரு கொழுப்பு அமிலமாகவும் லைசோலெசித்தினாகவும் அது மாற்றுகிறது. லைசோலெசித்தின் சவ்வைக் கரைக்கும் பொருள், விந்தணுவுக்கு நஞ்சு. ஆக, காளையிடம் காவலாக நின்ற அதே லெசித்தின், கிடாவிடம் நஞ்சுக்கு மூலப்பொருளாகிவிடுகிறது. மஞ்சள் கரு கூடக் கூட நஞ்சும் கூடுகிறது. சேர்த்த சற்று நேரத்தில் கரைசல் கெட்டிப்படுவதையோ, நன்றாக நீந்திக்கொண்டிருந்த விந்தணுக்கள் சில மணி நேரத்தில் ஓய்ந்துபோவதையோ கண்டால், முதலில் ஐயுற வேண்டியது இந்த நொதியைத்தான். நொதியின் வீரியம் கிடாவுக்குக் கிடாவும் பருவத்துக்குப் பருவமும் மாறும், வெப்பநிலையும் பி.எச். எனப்படும் அமில-கார அளவும் அதைப் பாதிக்கும். சென்ற மாதம் சரியாக இருந்த கரைசல் இந்த மாதம் பயன் தராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தீர்வுகள் இரண்டு. முதலாவது, விந்தைச் சேகரித்த உடனே தாங்கல் கரைசலில் கலந்து மையவிலக்கியில் சுழற்றி, விந்துப் பிளாஸ்மாவை நீக்கிவிட்டு, பிறகு மஞ்சள் கரு உள்ள கரைசலைச் சேர்ப்பது. இதில் ஒரு பங்கு விந்தணுக்கள் வீணாகும். சுழற்சியின் விசை மிகுந்தால் மிஞ்சியவையும் அடிபடும். இரண்டாவது, மஞ்சள் கருவை மிகக் குறைப்பது. ஆஸ்திரேலியாவில் அங்கோரா கிடாக்களின் விந்தை ஆராய்ந்த ரிட்டார், சாலமன் ஆகியோர் 1.5 சதவீத மஞ்சள் கரு சேர்த்த ட்ரிஸ் (ஒரு தாங்கல் வேதிப்பொருள்) கரைசலில், கழுவாமலே உறைய வைக்க முடியும் என்று காட்டினார்கள். மையவிலக்கி இல்லாத சிறு ஆய்வகத்துக்கும் பண்ணைக்கும் இந்த இரண்டாவது வழியே பொருத்தமானது என்பது எங்கள் கருத்து.

அப்படியானால் மஞ்சள் கருவை விட்டுவிட்டுப் பாலைப் பயன்படுத்தலாமே?

பாலும் பழைய, நம்பகமான கரைசல்தான். பாலில் உள்ள கேசீன் புரதத் திரள்கள், காளை விந்தில் மேலே சொன்ன தீங்கான புரதங்களைப் பிடித்துக்கொள்கின்றன. ஆனால் பாலில் லாக்டெனின் என்ற ஒரு கூறு இருக்கிறது. அது விந்தணுவைக் கொல்லும். பாலை 92 முதல் 95 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கினால் அது செயலிழக்கும். கொதிநீர்த் தொட்டிக்குள் பால் பாத்திரத்தை வைத்துச் சூடாக்கி, ஆறிய பின் ஆடையை நீக்கிவிட வேண்டும். கொழுப்பு நீக்கிய பாலே ஏற்றது. முழுப்பாலின் கொழுப்புத் துளிகள் நுண்ணோக்கியில் பார்வையை மறைக்கும்.

குதிரைகளுக்கு, 1975இல் கென்னி வெளியிட்ட, கொழுப்பு நீக்கிய பால்மாவும் குளுக்கோசும் சேர்ந்த கரைசல் இன்றும் அடிப்படையாக விளங்குகிறது. செம்மறி விந்தைப் பாலில் நீர்த்து 15 டிகிரியில் வைத்துச் சில மணி நேரத்துக்குள் பயன்படுத்தும் முறை பிரான்சில் பரவலானது. வெள்ளாட்டுக்கு மட்டும் பாலிலும் தொல்லை உண்டு: அதே கூப்பர் சுரப்பியிலிருந்து வரும் மற்றொரு நொதி பால்கொழுப்பைப் பிளந்து ஒலியிக் அமிலத்தை விடுவிக்கிறது, அதுவும் விந்தணுவின் அசைவை நிறுத்துகிறது.

ட்ரிஸ், சிட்ரிக் அமிலம், பிரக்டோஸ் ஆகியவற்றின் வேலை என்ன?

காளை, எருமை உறைவிந்துக்குப் பெரிதும் வழங்கும் வாய்பாட்டில் 100 மில்லி தாங்கல் நீருக்கு ட்ரிஸ் ஏறத்தாழ 3 கிராம், சிட்ரிக் அமிலம் ஏறத்தாழ 1.7 கிராம், பிரக்டோஸ் 1.25 கிராம் இருக்கும். முழுக் கரைசலில் 20 சதவீதம் மஞ்சள் கருவும் 6.4 முதல் 7 சதவீதம் வரை கிளிசராலும் சேரும். ட்ரிஸ் கரைசல் 1963இல் கார்னெலில் டேவிஸ், பிராட்டன், பூட் ஆகியோரால் காளை விந்துக்கு அறிமுகப்படுத்தப்பட்டது. லாக்டிக் அமிலம் சேர்ந்துகொண்டே போனாலும் பி.எச். அளவை 6.8 முதல் 7 வரையிலான எல்லைக்குள் நிறுத்திவைப்பது ட்ரிஸ், சிட்ரிக் அமில இணையின் பணி. பிரக்டோஸ் விந்தணுவுக்கு எரிபொருள். விந்துப் பிளாஸ்மாவில் இயற்கையாக இருப்பதும் அதுவே.

இவை மூன்றும் சேர்ந்து மற்றொரு பணியையும் செய்கின்றன: கரைசலின் சவ்வூடு அழுத்தத்தை (கரைந்த பொருள்களின் செறிவால் சவ்வின் வழியே நீரை இழுக்கும் விசையை) 300 மில்லிஆஸ்மால் அளவை ஒட்டி வைத்திருக்கின்றன. இது மிகவும் குறைந்தால் நீர் உள்ளே புகுந்து விந்தணு வீங்கி, வால் சுருண்டுவிடும். வால் சுருண்ட விந்தணுக்கள் மிகுதியாகத் தென்பட்டால் தராசையும் அளவு உருளையையும் சோதியுங்கள். படிக நீர் உள்ள சிட்ரிக் அமிலமா, இல்லாததா என்பதையும் புட்டியின் சீட்டில் பாருங்கள். கிளிசரால் சேர்த்த பிறகு அளந்தால் அளவு 1000ஐத் தாண்டிக் காட்டும். கிளிசரால் சவ்வைக் கடந்து உள்ளே போய்விடுவதால் அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. எனவே கிளிசரால் சேர்ப்பதற்கு முன் அளப்பதே முறை.

தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். மற்ற எல்லாப் பொருள்களையும் மில்லிகிராம் கணக்கில் நிறுத்துவிட்டு, பல நாள் திறந்து வைத்த காய்ச்சி வடித்த நீரை ஊற்றுவோர் உண்டு. கரைசலில் மிகுதியாக இருப்பது நீரே. சோப்பு எச்சம் உள்ள ஒரு குடுவை போதும், முழுத் தொகுதியும் கெடுவதற்கு.

கிளிசரால் இல்லாமல் உறைய வைக்க முடியாதா?

நடைமுறையில் முடியாது என்றே சொல்லலாம். 1949இல் லண்டன் மில் ஹில்லில் உள்ள தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் கிறிஸ்டபர் போல்ஜ், ஆட்ரி ஸ்மித், ஆலன் பார்க்ஸ் ஆகியோர், கிளிசரால் சேர்த்த சேவல் விந்து உறைந்து உருகிய பின்னும் நீந்துவதைக் கண்டார்கள். அவர்கள் சோதிக்க எண்ணியது பிரக்டோஸ் கரைசலை. குளிர்பெட்டியில் இருந்த பழைய கரைசல் பயன் தந்தது. புதிதாகத் தயாரித்த பிரக்டோஸ் கரைசல் பயன் தரவில்லை. எஞ்சியிருந்த பழைய கரைசலைப் பகுப்பாய்வுக்கு அனுப்பியபோது, அதில் சர்க்கரையே இல்லை, கிளிசராலும் அல்புமினும்தான் இருந்தன என்று தெரியவந்தது. புட்டியின் சீட்டு மாறியிருந்தது. புதிய கரைசல் தோற்றதும் பழையதைத் தற்செயல் என்று ஒதுக்காமல் பகுப்பாய்வுக்கு அனுப்பிய அந்த முடிவுதான் இன்றைய உறைவிந்துத் தொழில் முழுவதையும் தாங்கி நிற்கிறது. 1952இல் போல்ஜும் ரோசனும் மைனஸ் 79 டிகிரியில் உறைய வைத்த காளை விந்து கருவுறுத்தும் திறன் கொண்டது என்று காட்டினார்கள். இன்று திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் சேமிக்கிறோம்.

நீர் பனிக்கட்டியாகும்போது எஞ்சிய திரவத்தில் உப்பின் அடர்த்தி ஏறிக்கொண்டே போகிறது. கிளிசரால் பனிக்கட்டியாகும் நீரின் அளவைக் குறைத்து, அந்த உப்புச் செறிவையும் தணிக்கிறது. விந்தணுவுக்குள்ளும் புகுந்து உள்நீரைக் காக்கிறது. ஆனால் அதுவும் அளவு மீறினால் நஞ்சு. காளை விந்து 7 சதவீதம் வரை தாங்கும். பன்றி விந்துக்கு 2 முதல் 3 சதவீதமே ஏற்றது. கோழியின் கருப்பாதையில் கிளிசரால் கருவுறுதலையே தடுக்கிறது. எனவே உருக்கிய பின் அதை நீக்கிவிட்டுத்தான் கருவூட்ட வேண்டும். கிளிசரால் முதன்முதலில் காத்ததே சேவல் விந்தைத்தான் என்பதை எண்ணினால், ஒரு பொருளின் நன்மையும் தீமையும் அது சேரும் இடத்தைப் பொறுத்தவை என்பது இன்னும் தெளிவாகும்.

லாக்டோஸ், ராபினோஸ், டிரெஹலோஸ் போன்ற பெரிய சர்க்கரைகள் சவ்வுக்குள் நுழையாமல் வெளியே நின்று, உறைவதற்கு முன்பே விந்தணுவிலிருந்து நீரை இழுத்துக்கொள்கின்றன. அவை கிளிசராலுக்குத் துணை, மாற்று அல்ல.

உறைய வைக்காமல் சில நாள்கள் வைத்திருக்கும் கரைசல்களில் என்ன வேறுபாடு?

நியூசிலாந்தின் காப்ரோஜென் கரைசல் இதற்கு நல்ல சான்று. அங்கே பசுக்கள் பெரும்பாலும் வசந்த காலத்தில் சில வாரங்களுக்குள்ளேயே கருவூட்டப்படுவதால், ஒரு சிறந்த காளையின் விந்தை மிகப் பல பசுக்களுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டிய தேவை எழுந்தது. உறைதலில் இறக்கும் விந்தணுக்களை ஈடுகட்டத் தேவையில்லாத திரவ விந்து இதற்குப் பொருந்தியது. ஷானன் 1960களில் வடிவமைத்த இந்தக் கரைசலில் மஞ்சள் கரு 5 சதவீதமே. விந்தணுவின் வளர்சிதை மாற்றத்தைத் தணிக்கக் காப்ரோயிக் அமிலமும், ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைக்கக் கேட்டலேஸ் நொதியும் இருக்கின்றன. ஆக்சிஜனை வெளியேற்ற நைட்ரஜன் வாயு குமிழியிடப்படுகிறது. சுற்றுப்புற வெப்பநிலையிலேயே இரண்டு மூன்று நாள்கள் வைத்து, ஏறத்தாழ 20 லட்சம் அல்லது அதற்கும் குறைவான விந்தணுக்களைக் கொண்டு ஒரு பசுவுக்குக் கருவூட்டுகிறார்கள். நம் உறைவிந்துக் குச்சியின் 2 கோடியோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கேட்டலேஸ் ஏன்? இறந்த விந்தணுக்களிலிருந்து வெளிப்படும் ஒரு நொதி, மஞ்சள் கருவில் உள்ள அரோமேட்டிக் அமினோ அமிலங்களை ஆக்சிஜனேற்றம் செய்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. அது உயிரோடிருக்கும் விந்தணுக்களைக் கொல்கிறது. அவையும் இறந்து மேலும் நொதியை வெளியிடுகின்றன. 5 டிகிரியில் இந்தச் சுழல் மெதுவாக நடக்கும். 20 டிகிரியில் விரைவாக நடக்கும். சேமிப்பு வெப்பநிலை உயர்ந்ததும் மஞ்சள் கருவைக் குறைத்து, கேட்டலேஸைச் சேர்த்ததன் காரணம் இதுதான்.

பன்றி விந்துக்கு மஞ்சள் கருவே தேவையில்லை. 5 டிகிரிக்கு இறக்குவதில்லை என்பதால் குளிர் அதிர்ச்சிக்கு மாற்றுத் தேட வேண்டியதில்லை. அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில்லில் பர்செல், ஜான்சன் ஆகியோர் 1975இல் வெளியிட்ட பி.டி.எஸ். கரைசலில் லிட்டருக்குக் குளுக்கோஸ் 37 கிராம், சோடியம் சிட்ரேட் 6 கிராம், சோடியம் பைகார்பனேட் 1.25 கிராம், இ.டி.டி.ஏ. 1.25 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.75 கிராம் இருக்கின்றன. உறைந்த விந்தை உருக்குவதற்காகத் தோன்றிய இந்தக் கரைசல், பின்னர் திரவச் சேமிப்பில் உலகெங்கும் நிலைபெற்றது. அதிலுள்ள சிறிதளவு பொட்டாசியம், நாள்கணக்கில் வைத்திருக்கும்போது விந்தணு தன் உள்ளிருக்கும் பொட்டாசியத்தை இழந்துவிடாமல் காக்கிறது, இ.டி.டி.ஏ. கால்சியத்தைக் கட்டிவைக்கிறது. இதில் விந்தை மூன்று நாள் வைக்கலாம். அதற்கு மேல் வேண்டுமானால் அல்புமின் போன்ற புரதமும் வலுவான தாங்கலும் உள்ள நீண்டகாலக் கரைசல்கள் தேவை.

ஆன்டிபயாட்டிக் கட்டாயமா?

ஆம். 1940களின் பிற்பகுதியில் பென்சில்வேனியாவில் ஆல்ம்குவிஸ்ட் பென்சிலினையும் ஸ்ட்ரெப்டோமைசினையும் கரைசலில் சேர்க்கும் முறையை நிலைநாட்டினார். திரவ நைட்ரஜன் விந்தணுவைக் காப்பதைப் போலவே பாக்டீரியாவையும் காக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. உறைந்ததனால் கிருமி அழிந்தது என்று எண்ணுவது தவறு. ஜென்டாமைசின், டைலோசின், லின்கோமைசின், ஸ்பெக்டினோமைசின் ஆகிய நான்கின் கூட்டு இன்று பல நாடுகளில் வழங்குகிறது. மஞ்சள் கருவும் கிளிசராலும் மருந்தின் வீரியத்தைக் குறைப்பதால், நீர்க்காத விந்திலேயே முதலில் மருந்தைக் கலந்து சில நிமிடம் வைத்துவிட்டுப் பிறகு நீர்ப்பது சிறந்தது. 17 டிகிரியில் வைக்கும் பன்றி விந்தில் பாக்டீரியா எளிதாகப் பெருகும் என்பதால் அங்கே கவனம் இரட்டிப்பாக வேண்டும். சேகரிக்கும்போது தூய்மை தவறிவிட்டு, மருந்தைக் கூட்டி ஈடுகட்ட முயல்வது எதிர்ப்புத் திறன் பெற்ற கிருமிகளை வளர்ப்பதில் முடியும்.

சோயா லெசித்தின் கரைசல்கள் மஞ்சள் கருவுக்கு ஈடாகுமா?

காளை விந்தில் பெரும்பாலும் ஈடாகின்றன. ஆண்ட்ரோமெட், பயோஎக்ஸெல் போன்றவை இந்த வகையைச் சேர்ந்தவை. முட்டையின் வழியே நோய்க்கிருமி நுழையும் வாய்ப்பு இல்லை. தொகுதிக்குத் தொகுதி சேர்மானம் மாறுவதில்லை. பறவைக் காய்ச்சல் காலத்தில் முட்டைக்கு அலைய வேண்டியதில்லை. விலை கூடுதல் என்பதும், சில காளைகளின் விந்து மஞ்சள் கருவிலேயே சிறப்பாகத் தேறுகிறது என்பதும் மறுபக்கம். கிடா விந்தைப் பொறுத்தவரை, சோயா லெசித்தினும் லெசித்தினே. நொதி அதையும் பிளக்க வல்லது. எனவே சோயா என்ற பெயரை நம்பி அளவை ஏற்றிவிட வேண்டாம்.

வைட்டமின் ஈ, குளூட்டாதையோன், மூலிகைச் சாறு போன்றவற்றைச் சேர்த்தால் உயிர்வாழ்வு கூடும் என்கிறார்களே?

சேமிப்பின்போது ஆக்சிஜனேற்றச் சேதம் நேர்வது உண்மை. எருமை, பன்றி விந்தணுக்களில் அது மிகுதி. ஆனால் சேர்பொருள்களைப் பற்றிய ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. அளவு சற்றே கூடினால் அதே பொருள் தீங்காகிறது. மஞ்சள் கருவிலேயே இயற்கையான தடுப்பிகள் இருப்பதால் புதிதாகச் சேர்ப்பதன் பயன் கரைசலைப் பொறுத்து மாறுகிறது. ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு உற்பத்தி நிலையத்தின் கரைசலை மாற்றுவதை நாங்கள் வன்மையாக மறுக்கிறோம். இறந்த விந்தணுக்கள் குறைவாக உள்ள நல்ல விந்தைத் தேர்ந்தெடுப்பதே பெராக்சைடுக்கு எதிரான முதல் தடுப்பு.

இளநீரில் விந்தைச் சேமிக்கலாமா?

இது வெறும் கற்பனை அன்று. பிரேசிலின் வடகிழக்கில், சியாரா மாநிலத்தில், வெள்ளாட்டு விந்துக்கு இளநீர்க் கரைசல்கள் நெடுநாளாக ஆராயப்பட்டுள்ளன. பொடியாக்கிய இளநீரும் அங்கே உருவாக்கப்பட்டது. இளநீரில் சர்க்கரையும் தாதுக்களும் இருக்கின்றன. ஆனால் அது அமிலத் தன்மை உடையது, பொட்டாசியம் மிகுந்தது. காயின் முதிர்ச்சியைப் பொறுத்துச் சேர்மானம் மாறுவது. எனவே சிட்ரேட் கரைசலோடு கலந்து, பி.எச்., சவ்வூடு அழுத்தம் இரண்டையும் சரிசெய்த பிறகே பயன்படுத்த முடியும். மரத்திலிருந்து பறித்ததை வெட்டி அப்படியே ஊற்றக் கூடாது.

சிறு ஆய்வகத்தில் மஞ்சள் கருக் கரைசல் தயாரிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

மூன்று நாளுக்கு மேற்படாத, நலமான கோழிகளின் முட்டையை எடுங்கள். ஓட்டைக் கழுவித் துடைத்து, 70 சதவீத ஆல்கஹாலால் ஒற்றி உலர விடுங்கள். உடைத்து வெள்ளைக் கருவை வடித்தபின், மஞ்சள் கருவை அதன் மெல்லிய உறை கிழியாமல் வடிதாளின் மேல் மெதுவாக உருட்டுங்கள். ஒட்டியிருக்கும் வெள்ளைக் கரு தாளில் பிடித்துக்கொள்ளும். வெள்ளைக் கரு விந்தணுவுக்கு ஆகாது. பிறகு தாளின் விளிம்பில் வைத்து உறையைக் குத்தி, உள்ளிருக்கும் மஞ்சளை மட்டும் அளவு உருளைக்குள் வழிய விடுங்கள். உறை தாளிலேயே தங்கிவிட வேண்டும். தாங்கல் நீரில் கலந்தபின் மையவிலக்கியில் சுழற்றித் தெளிவை எடுத்தால் பெரிய துகள்கள் நீங்கும்.

கரைசலை அன்றன்றைக்குத் தயாரிப்பதே நல்லது. விந்தும் கரைசலும் ஒரே நீர்த்தொட்டியில் 32 முதல் 37 டிகிரிக்குள் ஒரே வெப்பநிலையில் இருக்கும்போது, கரைசலை விந்துக்குள் மெல்ல ஊற்றிக் கலக்குங்கள். குளிர்விக்கும்போது குழாயைத் தனியே குளிர்பெட்டியில் வைக்காமல், அதே வெப்பநிலை நீர் உள்ள முகவையில் நிறுத்தி முகவையோடு வைத்தால், ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் அது 5 டிகிரிக்கு நிதானமாக இறங்கும். வெள்ளாட்டுக் கிடா விந்தானால் மஞ்சள் கரு 2 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். குளிர்நிலையில் வைத்து ஒரு நாளுக்குள் பயன்படுத்திவிடுங்கள்.

ஒரு கரைசல் மற்றொன்றைவிடச் சிறந்ததா என்று எப்படித் தீர்மானிப்பது?

ஒரே முறை சேகரித்த விந்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைப் பழைய கரைசலிலும் மறு பாதியைப் புதியதிலும் வைத்துப் பாருங்கள். வெவ்வேறு நாளில், வெவ்வேறு காளையிடம் எடுத்த விந்தை ஒப்பிட்டால், தெரியும் வேறுபாடு காளையினுடையதா கரைசலினுடையதா என்று சொல்ல முடியாது. உருக்கிய உடனே அசைவை மட்டும் பார்த்து முடிவு செய்வதும் போதாது. நம் நாட்டின் தர நெறிமுறை, உருக்கிய பின் குறைந்தது 50 சதவீத அசைவைக் கேட்கிறது. அதைத் தேறிய இரண்டு கரைசல்களுள் ஒன்றில், 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்த பின் அசைவு பாதியாகக் குறைந்திருக்கலாம், மற்றொன்றில் நிலைத்திருக்கலாம். அக்ரோசோம் முழுமையாக உள்ளதா என்று சாயமேற்றிப் பார்ப்பதும், நீர்த்த உப்புக் கரைசலில் வால் சுருளும் சோதனையால் (இங்கே வால் சுருள்வது சவ்வு நலமாக இருப்பதன் அடையாளம்) சவ்வின் நலத்தை அறிவதும் சிறு ஆய்வகத்திலும் செய்யக்கூடியவை. இரண்டு பாதிகளையும் வெவ்வேறு நிறக் குச்சிகளில் நிரப்பி, ஒரே பணியாளர் ஒரே பகுதிப் பசுக்களுக்கு மாற்றி மாற்றிப் போட்டு, 60 முதல் 90 நாளில் சினைப் பரிசோதனை செய்து குறித்துவைத்த பிறகே பழைய கரைசலைக் கைவிடுங்கள்.